இரண்டு விரல் தளர்வு

மார்ச் 4, செவ்வாய்

மாமாவின் இடது கால் துடுப்பு போய்விட்டது. கப்பலின் அடியில் மூழ்கிச் சிப்பி சுரண்டிக்கொண்டிருந்தோம். குதிகாலைப் பிடித்திருக்கும் ரப்பர் வார் பட்டென்று அறுந்தது. நீரோட்டம் அவரை இழுத்தது. நான் பாய்ந்து பிடிக்காமல் இருந்திருந்தால் — எழுத வேண்டாம்.

மேலே வந்ததும் மேற்பார்வையாளர் கேட்ட முதல் கேள்வி: "துடுப்பு எங்கய்யா?"

ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'காய்ந்த சட்டை'. பத்து வருஷமாக நீருக்கடி வேலையை மேய்க்கிறார்; ஒருநாளும் சட்டை நனைந்ததில்லை.

"இன்னொரு தடவ தொலைச்சா மேலயே உக்காந்து கயிறு புடிங்க. வயசாச்சுல்ல."

மாமா சிரித்தார். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன், அடி விழுந்தால் சிரிக்கிற மனுஷன். பழைய விபத்து ஒன்றில் இடுப்பு போனது. தரையில் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். தண்ணீருக்குள் மட்டும்தான் நொண்டாத ஆள். அங்கிருந்தும் அவரைப் பிடுங்கினால்?

மார்ச் 5, புதன்

துடுப்பைச் சேற்றிலிருந்து தேடி எடுத்துவிட்டேன்; வார்தான் இல்லை. புது வார் கேட்டேன். "ஸ்டாக் இல்ல" என்றார் காய்ந்த சட்டை. அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் நான்கு ஜோடி, உறை பிரிக்காமல்.

"அது ஆய்வுக்கு வர்றவங்களுக்குக் காட்டுறதுக்கு."

காட்டுவதற்கு! மூழ்குவதற்கு நாங்கள்.

மார்ச் 8, சனி

வார் நானே செய்துவிட்டேன். வண்டியில் சுமை கட்டும் எலாஸ்டிக் கயிறு, சுண்டுவிரல் பருமன். துடுப்பின் இரண்டு பக்கத் துளைகளிலும் கோத்து, குதிகாலைச் சுற்றி இரட்டையாக ஓட்டி, முடிச்சுப் போட்டு, பிசிறைத் தீயில் உருக்கினேன். குதிகால் படும் இடத்துக்குத் தோட்டத்துப் பச்சைக் குழாயில் ஒரு துண்டு. முதல் மூன்று முடிச்சும் வழுக்கின. நாலாவது நின்றது.

"என்னோட நல்ல கத்திரிக்கோல்தான் கெடச்சுதா உனக்கு?" — அக்கா.

மாமா, மூழ்கும்போது போடும் நுரை ரப்பர் பூட்ஸோடு காலை என் மடியில் நீட்டிக்கொண்டு, "ஆபீஸ்ல எவன் காலையும் புடிக்காதவன், வீட்ல வந்து என் காலப் புடிக்கிறான் பாரு" என்றார். பிறகு முகம் சுளித்தார். பழைய வார் அறுத்த புண் இன்னும் ஆறவில்லை. "கொஞ்சம் நெரிக்குது மாப்ள."

இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தினேன்.

"இப்ப?"

"பஞ்சு மாதிரி இருக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

கழன்றுவிட்டது. முப்பதடி ஆழத்தில். நான் கட்டியது.

மார்ச் 11, செவ்வாய்

மாமா இன்று மேல்தளத்தில் உட்கார்ந்து, இறங்கினவர்களின் இடுப்புக் கயிற்றைப் பிடித்தார். நேற்று அவர் சொன்னது: "நான்தான் சரியா மாட்டல சார்." நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயில் கொழுக்கட்டையா இருந்தது?

மார்ச் 12, புதன்

அக்கா கேட்டாள்: "அவரு சோத்துல கைய வெச்சிட்டு எந்திரிச்சிட்டாரு. நீ ஏண்டா தலையத் தொங்கப்போட்டிருக்க?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

பூட்ஸை ஒரு கையால் அழுத்திக் காட்டினேன். ஆழத்தில் தண்ணீர் இப்படித்தான் அதை நசுக்கும். உள்ளே கால் சிறுத்துப்போகும். அப்போது தானாகச் சுருங்கி இறுக்கத்தான் எலாஸ்டிக். கரையிலேயே தளர்வாகக் கட்டினால் அது சுருங்குவதற்கு என்ன மிச்சம் இருக்கும்? முதல் நாள் மூழ்கியபோதே தெரிந்த விஷயம். புண்ணைப் பார்த்தேன், ஆழத்தை மறந்தேன்.

அக்கா திட்டவில்லை. "என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு."

மார்ச் 13, வியாழன்

சொன்னேன். எல்லோர் முன்னாலும்.

"அந்த வார் நான் கட்டினது சார். அளவு தப்பு என்னோடது. ஸ்டாக் இல்லன்னது உங்களோடது."

"சொந்தமாக் கட்டினியா? அப்ப நீ உக்காரு மேல."

"உக்கார்றேன். அவரு எறங்கணும்."

"எதை மாட்டிக்கிட்டு?"

யாரும் எதிர்பார்க்கவில்லை: எங்களில் ஆக வாயில்லாப்பூச்சி, வெல்டர், தன் துடுப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். வார் முழுக்க வெடிப்பு. அடுத்தவன் வைத்தான். ஏழு பேரும் வைத்தார்கள். காய்ந்த சட்டைக்கு வியர்த்தது. அலமாரியைத் திறந்து, காட்சிக்கு வைத்திருந்த வார் ஒன்றை உறை கிழித்து வளைத்தார்.

பிஸ்கட் மாதிரி உடைந்தது. எத்தனை வருஷம் வெயிலில் தொங்கியதோ.

யாரும் சிரிக்கவில்லை. மாமா மட்டும் சிரித்தார்.

காய்ந்த சட்டை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "யாரு எதைக் கட்டிக்கிட்டு எறங்குனாலும் நான் பாக்கல" என்றார். பார்க்காமலிருப்பதுதானே அவர் உத்தியோகம்.

மார்ச் 16, ஞாயிறு

எட்டு ஜோடி வார், வெல்டர் சேற்றிலிருந்து எடுத்துவந்த மாமாவின் துடுப்புக்கும் சேர்த்து. இந்தத் தடவை எல்லோருக்கும் வெறுங்காலில் அளவெடுத்து, அதையும் ஒரு பிடி குறைத்தேன். அக்கா புதுக் கத்திரிக்கோல் வாங்கி வந்து பழையதை என்னிடம் எறிந்தாள்.

மார்ச் 24, திங்கள்

எட்டாவது நாளாக மேல்தளம். தண்டனை எவ்வளவு நாள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இறங்குமுன் மாமா ஓரத்தில் உட்கார்ந்து பச்சைக் குழாய் வாரைக் குதிகாலில் இழுத்து மாட்டினார். புண்ணுக்கு மேல் அக்கா சுற்றிவிட்ட துணி.

"நெரிக்குது மாப்ள."

"நெரிக்கட்டும் மாமா."

முப்பதடி, நாற்பது நிமிஷம். கயிறு என் உள்ளங்கையில். ஒரு இழுப்பு வந்தால் நலம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்தது. நானும் ஒருமுறை இழுத்துப் பதில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், சட்டை காய்ந்தே இருக்கிறது. கை மட்டும் ஈரம்.