உப்பு தாங்கிய கன்றுகள்

அபையாங், கிரிபாட்டி

என் அன்பானவருக்கு,

கடல் ஏறியதில் நம் பாபாய்க் கிழங்குக் குழி உப்பாகிச் செடிகள் அழுகிவிட்டன. ‘இனி அங்கே என்ன இருக்கிறது, நியூசிலாந்துக்கே வந்துவிடு’ என்றீர்கள். பதில் எழுத மனம் வரவில்லை.

இன்று காலை பக்கத்து வீட்டு மரேவா அக்கா, உப்பைத் தாங்கும் தன் கன்றுகளோடு வந்தார். எந்த இலையை மக்கவைத்துப் போடுவது என்றுகூடச் சொல்லிக்கொடுத்தார். எந்தக் குடும்பமும் வெளியே விடாத ரகசியம் அது!

“உங்க வீட்டுல திட்டமாட்டாங்களாக்கா?”

“திட்டட்டும். ஊர்ல எங்கிட்ட மட்டும் கிழங்கு இருந்தா, யாரு கிழங்கைவிட என்னுது பெருசுன்னுடி பீத்திக்கிறது?”

சிரிக்கப்போய் அழுதுவிட்டேன். இருவருமாக மண்ணை உயர்த்தி நட்டு, மக்கிய இலையைக் கொட்ட ஒவ்வொரு கன்றையும் சுற்றித் தாழையோலைக் கூடை பின்னினோம்.

எனக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். கிழங்கு முற்ற வருடங்களாகும். தோண்ட நீங்கள் வாருங்கள். முதல் கிழங்கு அக்காவுக்கு.

கையெல்லாம் சேறாக,
உங்கள் மனைவி