கட்டுக்கு மேலே ஊதா ரிப்பன்

நவ. 5, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். நாளை பூகோளப் பரீட்சை. பாதிதான் படித்தேன்.

கொல்லைப் பாசியில் தங்கை செல்வி வழுக்கி விழுந்தாள். இடது முன்கை வளைந்துவிட்டது. திருவேட்டக்குடியிலிருந்து எலும்பு வைத்தியர் வந்தார். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, உளுத்தமாவு, துணி வைத்துக் கட்டினார். "யாரும் தொடக்கூடாதுங்க. கட்டுனவன்தான் அவிழ்க்கணும்."

மாலையில் துணி நெகிழ்ந்தாற்போல் தோன்றியது. என் ஒரு சடையிலிருந்து ஊதா ரிப்பனை உருவி, மேலே இறுக்கிச் சுற்றினேன். முதலுதவி வகுப்பில் கட்டுப் போடுவதில் நான்தான் முதல். அம்மா: "டாக்டரம்மா கணக்கா கட்டிட்டியே." பெருமை.

நவ. 6, திங்கள்
மழை. ஒரு சடையில் ரிப்பன், ஒன்றில் கறுப்பு நூல். டீச்சர் முறைத்தார். பரீட்சை பரவாயில்லை.

செல்விக்கு ஓயாத அழுகை. "அக்கா, உள்ள வெடிக்கிற மாதிரி இருக்கு." விரல்கள் வீங்கி, ஜில்லென்று. ஒன்றை நிமிர்த்தினேன். அலறினாள். "பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறா" என்றேன்.

அவிழ்க்கலாமா என்றாள் அம்மா. அப்பா: "கட்டுனவரு வரட்டும்."

மேலே கட்டியது நான். அவிழ்த்தால் என் கட்டு தப்பு என்றாகிவிடும். பேசாமல் படித்தேன்.

நவ. 7, செவ்வாய்
விரல்கள் மரத்துவிட்டன. கிள்ளினாலும் அவளுக்குத் தெரியவில்லை. காரைக்கால் ஆஸ்பத்திரி.

டாக்டர்: "உள்ள சதை வீங்கியிருக்கு. இறுக்கிக் கட்டுனதுல வீங்க இடமில்ல, ரத்தம் ஓடல." தோலைக் கீறித் திறந்துவிட்டார்கள். கையை எடுக்க வேண்டியதில்லை. விரல்கள் வேலை செய்யுமா, இப்போது சொல்ல முடியாதாம்.

நர்ஸ்: "இந்த ரிப்பனை யாரு சுத்துனது?"
அம்மா, என்னைப் பார்க்காமல்: "வைத்தியருதாங்க."


நவ. 9, வியாழன்
வெயில். இட்லி, தொட்டுக்கொள்ளச் சர்க்கரை.

வைத்தியர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். அப்பா: "புள்ள கையைக் கெடுத்துட்டுப் பழம் வேறயா?"
"ரிப்பன் நான் கட்டலீங்களே."
பிறகு என் இரண்டு சடைகளையும் பார்த்தார். பழத்தை வைத்துவிட்டுப் போனார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். நூல் கட்டிய சடையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டேன்.

நவ. 10, வெள்ளி
மேகமூட்டம். டாக்டர் விரல்களை அசைக்கச் சொன்னார். கட்டைவிரல் மட்டும் கொஞ்சம். அவர் போனதும் செல்வி, "அக்கா, நீ புடிச்சுப் பாரு. நான் நடிக்கல" என்றாள்.

பிடித்தேன். மற்ற நான்கு விரல்களும் வெதுவெதுப்பாக இருந்தன. அசையவில்லை.