பாலத்தடியில் ஒரு வேன்

அக்டோபர் 3
புயல் இந்தப் பக்கம்தானாம். கடலோரத் தெருக்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், டூட்டியை விட்டு வர முடியாது. "அக்காவைக் கூட்டிக்கிட்டு நீ கிளம்பு" என்றார். நாத்தனாரோடு ஒரே காரிலா? வீட்டுப் பாகத் தகராறுக்குப் பிறகு நாங்கள் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை.

அக்டோபர் 4, காலை
நெடுஞ்சாலை முழுக்கக் கார்கள், ஊர்கின்றன. பெட்ரோல் முள் அடியில் கிடக்கிறது. பக்கத்து வேனில் ஒரு தம்பதி, கைக்குழந்தையோடு. நாத்தனார் அதற்கு விளையாட்டுக் காட்டுகிறாள்.

மதியம்
வண்டி நின்றுவிட்டது. பள்ளிக்கூட முகாம் நிரம்பிவிட்டதாகப் போலீஸ்காரர் சொல்லிப் போனார். "பாலத்தடியில ஒதுங்கினா நனையாம இருக்கலாம்" என்று வேன்காரர் அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். நாத்தனார் இறங்க மறுத்தாள். "கண்ணாடிய ஏத்திட்டு உட்காரு." காற்று காரைத் தொட்டில் போல ஆட்டியதும் என் கையை இறுகப் பிடித்தாள். இறங்கி ஓடினோம்.

சாலையோரத்துக் கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா கதவைத் திறந்தார். "கூண்டெல்லாம் நாய்க்கும் பூனைக்கும் குடுத்தாச்சு. மனுஷங்களுக்கு எக்ஸ்ரே ரூம்தான். சுவர் நல்ல கனம், ஜன்னலும் கிடையாது." பாலத்தடியில் ஒரு குடும்பம் இருப்பதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அங்கயா? காத்து அந்த சந்துக்குள்ளதானே இன்னும் வேகமாப் பாயும்."

கூரையைப் பிய்க்கிற சத்தம். நாய்கள் ஊளையிடுவதை நிறுத்திவிட்டன. அதுதான் இன்னும் பயமா இருக்கு. ஆஸ்பத்திரியில என் வீட்டுக்காரர் போன் எடுக்கல. ஏன் எடுக்கல?

மாலை
சட்டென்று அமைதி. வெயில்கூட அடித்தது. "இது புயலோட கண்ணு. நம்பி வெளிய போகாதீங்க, திரும்ப அடிக்கும்" என்றார் டாக்டரம்மா. நாத்தனார் எழுந்துவிட்டாள்.
"அந்தப் பிள்ளை அங்க இருக்கு."
"வேண்டாம்க்கா."
"நீ இரு. நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."
நான் கதவோடு நின்றுவிட்டேன்.

காற்று திரும்பிவிட்டது, இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து. அவ இன்னும் வரல. கதவைச் சாத்தச் சொல்றாங்க. நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்னு சொல்லிட்டேன் — எவ்வளவு நேரம்தான் பிடிக்க முடியும்?

அக்டோபர் 5
நேற்று கதவில் மோதியது மரக்கிளை என்றுதான் நினைத்தேன். வேன்காரர். பின்னால் அவர் மனைவி, நெஞ்சோடு அணைத்த குழந்தை. அவர்களுக்கும் பின்னால் நாத்தனார், வலது கை துவண்டு தொங்க. பறந்து வந்த தகரம் அடித்திருக்கிறது. "நாய்க்குப் போடுற கட்டுதாம்மா, பொறுத்துக்கோங்க" என்றார் டாக்டரம்மா. "குரைக்கச் சொல்லாம இருந்தா சரி" என்றாள் அவள். நான்தான் அழுதேன்.

அக்டோபர் 6
போன் வந்தது. அவர் குரல். அது போதும்.

அக்டோபர் 21
எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. நாத்தனார் வீட்டில்தான் இருக்கிறோம். கை கட்டோடு இருப்பதால் இன்று நான் அவளுக்குத் தலைவாரினேன். "இவ்வளவு இறுக்கமாவா பின்னுவாங்க?" என்று கடிந்துகொண்டாள். தளர்த்திப் பின்னினேன். வெளியே சாதாரணக் காற்றுதான். ஜன்னல் படபடத்தது. இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து போய்ச் சாத்தினோம்.