தையல் பிடிச்சிருக்கு, நீ ஓடி வராதே

என் தங்கத்துக்கு,

இங்க நான் சுகம், தோள் மட்டும்தான் என்மேல கோபமா இருக்கு. அங்க நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லா தூங்கி, சௌக்கியமா இருக்கணும். போன்ல சொன்னா குறுக்க குறுக்கப் பேசி அழுதுருவ, அதான் எழுதுறேன். முழங்கையை இடுப்போட ஒட்டி வெச்சுக்கிட்டு விரலை ஓட்டலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார், எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தா சிரிக்காதே.

வருஷக்கணக்கா அழகு நிலையத்துல கையை உயர்த்தியே முடி வெட்டி வெட்டித்தான் தோள் ஜவ்வு கிழிஞ்சதாம். ஆபரேஷனுக்கு நான் எவ்வளவு ஒழுங்கா தயாரானேன் தெரியுமா, இடது கையால பல் தேய்க்கப் பழகினேன், பேஸ்ட் பாதி மூக்குல. மேல் அலமாரிச் சாமான் எல்லாத்தையும் உங்க அப்பா கீழ இறக்கி வெச்சார், இப்ப சமையல்கட்டுல கால் வைக்க இடமில்ல. தலைவழியா எதுவும் மாட்ட முடியாதுன்னு அவரோட பொத்தான் சட்டை எல்லாத்தையும் பிடுங்கிக்கிட்டேன். ஜவ்வை எலும்போட சேர்த்துத் தைச்சு, கையைப் பட்டையில தொங்க விட்டு, ஆறு வாரம் தோளைத் தூக்கவே கூடாதுன்னு அனுப்பினாங்க. படுத்தா குத்துதுன்னு சாய்வு நாற்காலியிலதான் தூங்குறேன். உங்க அப்பா பக்கத்துல தரையில படுக்கிறார், நான் அசைஞ்சா அவர் என்னம்மாங்கிறார், அவர் குறட்டை விட்டா நான் என்னங்கங்கிறேன்.

இப்ப நடந்ததுக்கு வர்றேன், அவர் உன்கிட்ட கண்ணு காது மூக்கெல்லாம் வெச்சு சொல்லியிருப்பார். லாரிக்குப் போற அவசரத்துல யாரோ ஒருத்தன்கிட்ட முடி வெட்டிக்கிட்டு வந்து நின்னார். கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்தத் தலை என் கத்திரியைத் தவிர வேற கத்திரி பார்த்ததில்ல. பின்கழுத்துல ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். ஸ்டூல்ல உட்காருங்க, இடது கையால ஓரம் மட்டும் சரி பண்றேன்னேன். இடது கை சீப்பு பிடிக்கத்தான் லாயக்கு. அவர் குனிஞ்சிருந்தார், நான் பட்டையைக் கழட்டிட்டேன். ரெண்டு மூணு வெட்டு அழகா விழுந்துச்சு, அப்புறம் கையை உயர்த்தினேன், பளீர்னு ஒரு வலி, கத்திரி கீழ போயிருச்சு. திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல, பட்டையை மாட்டி விட்டுட்டு வெளியே போய் உனக்குப் போன் போட்டார். அன்னிலேர்ந்து பட்டைமேல லாரியில சரக்கு கட்டுற முடிச்சைப் போட்டு விடுறார். கைக்குப் பயிற்சி குடுக்கிற பொண்ணு இழுத்துப் பார்த்துட்டு, அக்கா உங்களை லோடு ஏத்தி அனுப்பியிருக்காங்களான்னு கேட்டுச்சு. கடைசியில வாசல்ல நின்ன உங்க அப்பாவைக் கூப்பிட்டுத்தான் அவிழ்த்தோம்.

மறுநாளே ஸ்கேன் எடுத்தாச்சு, தையல் பிடிச்சிருக்கு. இந்தத் தடவை தப்பிச்சீங்க, இன்னொரு தடவை அறுந்தா தைக்கிறதுக்கு ஜவ்வு மிஞ்சாதுன்னு டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு நடுங்கினதைவிட, நீ பயிற்சியை விட்டுட்டு டிக்கெட் போட்டுட்டேன்னு சொன்னதுக்குத்தான் அதிகமா நடுங்கினேன். லிஃப்ட் பழுது பார்க்கக் கத்துக்கிட்டு கடைசித் தேர்வு வாசல்ல நிக்கிற, இங்க வந்து என்ன பண்ணுவ, என் கையை நீ தூக்குவியா? ஒரு வருஷம் விட்டுட்டு மறுபடி சேர்ந்துக்கலாமாம். அடி போடி. நானும் ஒன்பதாவதுல ஒரு வாரம்தானேன்னுதான் பள்ளிக்கூடம் போகாம இருந்தேன், அது அதோட நின்னுபோச்சு. அப்புறம் தையல் கிளாஸ் பாதி, டைப் கிளாஸ் பாதி. எனக்கு உன் வயசு இருக்கிறப்ப நீ என் இடுப்புல இருந்த, உன்னைப் பெத்தது ஒண்ணுதான் பாதியில விட்டுட்டு வர முடியாம முடிச்ச காரியம்.

அதனால ஒரு பந்தயம். டாக்டர் சொல்ற வரைக்கும் நான் இந்தப் பட்டையைத் தொட மாட்டேன், உங்க அப்பா தலை காடா வளர்ந்தாலும் சரி. நீ தேர்வை முடிக்கிற வரைக்கும் அங்கேர்ந்து நகரக் கூடாது. பாதியில வந்து நின்னா உன்னைக் கட்டிப் பிடிக்க என்கிட்ட ஒரு கைதான் இருக்கும். முடிச்சுட்டு வா, ரெண்டு கையும் இருக்கும்.

தீர்க்காயுசா, தைரியமா இரு. உயரத்துல ஏறும்போது இடுப்பு பெல்ட்டை மறக்காதே. டிக்கெட்டை ரத்து பண்ணிட்டு அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லு, போன் போட்டுக் குடுத்தது தப்போன்னு மனுஷன் சரியா சாப்பிடவே மாட்டேங்கிறார்.

அசையாம உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா