வாழைப்பழத்துக்குள் மாத்திரை

அன்புள்ள வினோதினி அக்காவுக்கு, உன் தங்கை சண்முகப்பிரியா எழுதுவது. நீ அங்கே நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அம்மா தூங்கினபிறகு அடுப்படியில் உட்கார்ந்து பயந்து பயந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

நீ போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருப்பாய். நீ போனபிறகு அம்மாதான் போனைத் தண்ணீர் டிரம்மில் போட்டுவிட்டாள். குவாரியில் லாரி கவிழ்ந்து அப்பா போன சேதி அதில்தானே வந்தது, இனி எந்தச் சேதியும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாதாம். உன் நம்பரும் அதோடு போச்சு, நீ அனுப்பின பார்சல் அட்டையில் இருந்த ஓசூர் ஹாஸ்டல் விலாசத்துக்குத்தான் எழுதுகிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ பஸ் ஏறினதும் வேப்பந்தட்டைப் பக்கமிருந்து குறிசொல்கிற ஒருவர் வந்தார். தம்பிக்கு மாத்திரை கொடுக்கக் கொடுக்கத்தான் சாமி கோபப்பட்டு அப்பாவை எடுத்துக்கொண்டது, இன்னும் கொடுத்தால் அடுத்தது அவன்தான் என்றார். அன்றைக்கே அம்மா அவனுடைய வலிப்பு மாத்திரையை எல்லாம் குப்பையில் கொட்டிவிட்டாள். நம்ம அம்மா, அக்கா! போன வருஷம் அவனுக்கு இழுத்தபோது பாப்பாத்தி அத்தை இரும்புச் சாவியைக் கையில் வைக்க வந்ததற்கு, சாவி என்ன டாக்டரா அண்ணி, போயி ஆட்டோவக் கூப்பிடுங்க என்று தட்டிவிட்டவள். வெள்ளிக்கிழமை அவனுக்குத் திரும்ப இழுத்தது. அம்மாவே சாவிக்கொத்தை அவன் விரலுக்குள் திணிக்கிறாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம் வா என்று அத்தை கெஞ்சினதற்கு, எம்புள்ளயையும் கொல்ல வந்தியா என்று கத்தி வெளியே தள்ளிவிட்டாள். எனக்கு அவள் யாரோ மாதிரி இருந்தாள்.

அம்மா மாத்திரையைக் கொட்டின அன்றைக்கே குப்பையைக் கிளறி ஒரே ஒரு அட்டை மாத்திரை எடுத்து ஜாமெட்ரி பாக்சில் ஒளித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மதியம் வாழைப்பழத்துக்குள் வைத்து அவனுக்கே தெரியாமல் கொடுக்கிறேன், தெரிந்தால் அம்மாவிடம் சொல்லிவிடுவான். ரெண்டு வேளை போடவேண்டியது ஒரு வேளைதான் போகிறது, அட்டையும் தீரப்போகிறது. உடனே வா, அவனை அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம். அம்மாவிடம் சண்டைக்கு மட்டும் போகாதே. நேற்று ராத்திரி நடுவில் விழித்துப் பார்த்தேன், அம்மா தம்பி மூக்குக்கிட்டே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முழுசாக நம்பினவள் அப்படிப் பார்ப்பாளா? நீ சொன்னால் கேட்பாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. சாமி உன்னைக் காப்பாற்றட்டும் என்று முடிக்கத்தான் நினைத்தேன், இப்போது அதை எழுதவும் பயமாக இருக்கிறது. பதில் கடிதம் போடாதே, அம்மா கையில் கிடைத்துவிடும். நீயே வா.

இப்படிக்கு,
உன் தங்கை
சண்முகப்பிரியா