தள்ளிவைத்த இரவு

மார்ச் 4, செவ்வாய்

மகளின் பள்ளிக் காலணி வார் அறுந்துவிட்டது. தைக்கக் கொடுத்துவிட்டு அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. நான்கு தொலைநோக்கிகளின் புதிய தரவு வந்திருந்தது. பதினொரு வருடமாக நான் கட்டிக்கொண்டு அழும் அதே விண்மீன்திரள்தான். நடுவில் ராட்சதக் கருந்துளை, அதைச் சுற்றிச் சூடான தூசி. தனித் தொலைநோக்கியில் பார்த்தால் வெறும் புள்ளி. நூறு மீட்டர் தள்ளித் தள்ளி நிற்கும் தொலைநோக்கிகளின் அகச்சிவப்பு ஒளியை ஒன்றுசேர்த்தால்தான் வடிவம் பிடிபடும். சேரும் இடத்தில் வரிவரியாகத் தெரியும். எந்தத் திசையில் வரி மங்குகிறதோ, அந்தத் திசையில் தூசி நீண்டு கிடக்கிறது என்று அர்த்தம்.

கிளம்பும்போது மாமியார் கேட்டார்: “அலமாரில விரலை வெச்சா பேர் எழுதலாம். நீ எந்தத் தூசிக்கும்மா இப்படி ஓடுற?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நேரமில்லை.

மார்ச் 5, புதன்

அதிகம் மங்கக் கூடாத திசையில் அதிகம் மங்கியிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். தூசி ஊதிய சைக்கிள் டியூப் போலக் கருந்துளையைச் சுற்றிக் கிடக்கிறது என்பதுதான் என் கட்டுரை. ஆறு வருடமாக எல்லோரும் மேற்கோள் காட்டும் கட்டுரை. புதிய தரவிலும் டியூப் இருக்கிறது, ஆனால் சின்னது. பெரும்பகுதித் தூசி அதற்குச் செங்குத்தாக, துருவத் திசையில், புகைபோக்கிப் புகை மாதிரி மேலும் கீழும் நீண்டு நிற்கிறது.

இதை அப்போதே ஒருத்தி சொன்னாள். கொக்கு.

நல்ல உயரம். திரைக்கு முன்னால் ஒற்றைக் காலில் நின்று மணிக்கணக்காகப் பார்ப்பாள். அதனால் நான் வைத்த பெயர். ஐந்து வருடம் ஒரே அறை, ஒரே ஜன்னல். எங்களிடம் ஒன்பது இரவுகளின் தரவு இருந்தது. எட்டு இரவுகள் ஏறக்குறைய ஒரே திசையில் அளந்தவை, டியூபுக்கு ஒத்துவந்தன. ஏழாவது இரவு மட்டும் குறுக்கே அளந்தது. அது முரண்டு பிடித்தது. “அன்னைக்குக் காத்து சரியில்லை” என்று தள்ளிவைத்தேன்.

“ஒத்துவரலைன்னு தள்ளாதடி. தப்புன்னு காட்டிட்டுத் தள்ளு” என்றாள்.

முடிவு என் கையில் இருந்தது. தள்ளினேன். அவள் கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னாள். வேலை ஒப்பந்தம் முடிந்ததும் போய்விட்டாள். இப்போது ஏதோ பள்ளியில் கணக்கு டீச்சர் என்று கேள்வி.

மார்ச் 10, திங்கள்

பழைய கோப்பைத் தேடி எடுத்து ஏழாவது இரவைப் புதிய முறையில் கணக்கிட்டேன். புதிய தரவோடு பெரும்பாலும் பொருந்துகிறது.

அன்று காற்று மோசம் என்று உண்மையாகவே நம்பினேனா? இல்லை, மாநாட்டுக்கு மூன்று வாரம்தான் இருந்தது என்பதாலா? தெரியல. யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன் — நிஜமாவே தெரியல.

மார்ச் 12, புதன்

துறைத் தலைவரிடம் காட்டினேன். ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கிறது அவருக்கு. அவர் இடத்துக்கு என் பெயரும் பேச்சில் அடிபடுகிறது.

“புதுக் கருவி, புது முடிவு. அப்படி எழுதிடுங்கம்மா. பழசை எதுக்குக் கிளறணும்? யாரும் கேக்கப் போறதில்ல.”

“அவ கேட்டா, சார்?”

“அவங்கதான் இப்ப இந்தத் துறையிலேயே இல்லையே.”

அதுதானே என்னைக் குடைகிறது.

மார்ச் 13, வியாழன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பல் டாக்டர் பதில் எப்படி இருக்கும்? “நான் நல்ல பல்லைப் பிடுங்கிட்டா திரும்ப வைக்க முடியாது. உன்னால முடியும்ல? போய் வை.” சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

மார்ச் 16, ஞாயிறு

கொக்கை அழைத்தேன். எண் மாறவில்லை.

“நான்தான்” என்றேன். “தெரியுது. சொல்லு” என்றாள். எல்லாம் சொன்னேன்.

“இப்ப உனக்கு என்ன வேணும்?”

“புதுக் கட்டுரைல உன் பேர் வரணும்.”

“என் பேரைப் போட்டு உன் மனசை ஆத்திக்கப் பாக்குறியா? நான் பசங்களுக்குப் பின்னம் சொல்லிக் குடுத்துட்டு நல்லாத்தான் இருக்கேன்.”

வைத்துவிட்டாள்.

மார்ச் 17, திங்கள்

ஒன்றும் ஓடவில்லை.

மார்ச் 19, புதன்

கொக்கிடமிருந்து குறுஞ்செய்தி: “ஏழாவது இரவோட மூலக் கோப்பு வேணும். நீ கணக்குப் போட்டது வேண்டாம்.”

அனுப்பினேன். நலமா என்று ஒரு வரி எழுதி, அழித்துவிட்டேன்.

மார்ச் 29, சனி

காலையில் அவளே கூப்பிட்டாள். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

“ஆறு அளவு இருக்கு. அதுல ரெண்டு குப்பை. காத்து நிஜமாவே மோசம். அந்த ரெண்டுல நீ சொன்னது சரி.”

“மீதி நாலு?”

“மீதி நாலுல நான் சொன்னது சரி.”

இருவரும் சிரிக்கவில்லை. அவள் இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். அந்த இரண்டை எனக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஃபோனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். யாரென்று மாமியார் கேட்டார். சொன்னேன்.

“அந்த உசரமான பொண்ணா? சாப்பிட்டுத் தட்டைத் தானே கழுவி வைக்குமே! ஏன் வரதே இல்ல?”

“நான்தான் வரவிடாம பண்ணிட்டேன்” என்றேன். முதல்முறையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

ஏப்ரல் 9, புதன்

இப்போது இருவரும் சேர்ந்துதான் எழுதுகிறோம். கட்டுரையின் மூன்றாம் பகுதியில் நடந்ததை ஒரு பக்கத்துக்கு விவரித்திருந்தேன். கொக்கு முழுசாக அடித்துவிட்டாள். ஓரத்தில் குறிப்பு: “இது கட்டுரை, மன்னிப்புக் கடிதம் இல்ல.” அதற்குப் பதில் அவள் எழுதியது ஒரே வரி: முந்தைய ஆய்வில் ஓர் இரவின் தரவு போதிய காரணமின்றி விலக்கப்பட்டது.

ஒரு பக்கத்தைவிட இந்த ஒரு வரி அதிகம் வலிக்கிறது. அப்படியே விட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

தலைவர் இடம் பக்கத்து அறைக்காரருக்குப் போனது. “கொஞ்சம் பொறுத்திருக்கலாம்மா நீங்க” என்றார் தலைவர். வருத்தம் இருந்தது. மதியம்வரை நன்றாகவே இருந்தது. அப்புறம் கட்டுரையின் நான்காவது வரைபடத்தில் அச்சின் அளவு தவறாக இருப்பதைக் கண்டு, அதைத் திருத்த உட்கார்ந்துவிட்டேன்.

மே 17, சனி

கட்டுரை ஏற்கப்பட்டது. இரண்டு பெயர்கள்.

கொக்கு வீட்டுக்கு வந்தாள். தலையில் பாதி நரை. மகளுக்கு இருபது நிமிடத்தில் பின்னம் புரியவைத்தாள். இரண்டு மாதமாக என்னால் அது முடியவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டுவிட்டேன்: “திரும்ப வந்துடேன்.”

“பள்ளிக்கூடத்தை விடமாட்டேன்டி. அங்க எனக்குப் பிடிச்சிருக்கு. சனிக்கிழமைன்னா பாக்கலாம்.”

ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்திருந்தேன். எத்தனை திமிர் எனக்கு!

ஜூன் 14, சனி

வேறொரு விண்மீன்திரளைப் பார்க்கத் தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பம் தயார். முதன்மை ஆய்வாளர் என்ற கட்டத்தில் கொக்கின் முழுப்பெயர். முகவரிக்குப் பள்ளிக்கூடத்தைக் கொடுத்திருக்கிறாள். எந்தத் திசையில் முதலில் அளப்பது என்று காலையில் ஒன்றரை மணிநேரம் சண்டை. கோபத்தில் ஃபோனை வைத்துவிட்டாள்.

பத்து நிமிடத்தில் அவளே மறுபடி கூப்பிட்டாள்.

“சரி, எங்க விட்டோம்?” என்றாள்.