தையல்காரரின் டேப்புக்குத் தெரிந்தது

என்னங்க, தையல்கார ஐயா,

நீங்க விடற குறட்டையைக் கேட்டா எழுப்ப மனசு வரல. நேத்துச் சண்டைக்கப்புறம் நான் இன்னும் உங்ககூடப் பேசல. எழுதத்தான் செய்யறேன்.

எனக்கு ஆஸ்பத்திரியில காலை ஷிஃப்ட். உங்களுக்கு ரெண்டு முட்டை அவிச்சு மூடி வெச்சிருக்கேன். ஃப்ரிட்ஜுல இருக்கற முட்டைல கை வைக்காதீங்க. அது எக்சர்சைஸ் முடிச்சிட்டு வந்து நான் சாப்பிடறது.

"மாசக்கணக்கா வெயிட்டைத் தூக்கறே, முட்டையா முழுங்கறே, எடை மெஷின்ல முள்ளு அசையவே இல்லையே"ன்னு சிரிச்சீங்களே! போன வாரம் என் யூனிஃபார்மை இடுப்புல பிடிச்சு, தோள்ல பிரிச்சுவிட்டுத் தைச்சது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா? கொழுப்பு குறைஞ்சு தசை கூடினா எடை அப்படியேதான் நிக்கும். முள்ளுக்கு அது தெரியாது, விடுங்க. உங்க டேப்புக்குமா தெரியல? இப்பல்லாம் நோயாளிகளைத் தூக்கி உட்கார வெச்சா எனக்கு முதுகு வலிக்கறதே இல்ல. அதையாவது கேட்டிருக்கலாம்.

உங்க அண்ணன் பத்து மணிக்கு வருவார். காபி போட்டுக் குடுங்க. வெளிய போனா சாவியைக் கீழ் வீட்டுல குடுத்துடுங்க.

இப்படிக்கு,
உங்ககூடப் பேசாதவ

மறந்துட்டேன்: நேத்து நீங்க மூச்சைப் பிடிச்சுத் திருகியும் அசையாத காபித்தூள் பாட்டிலை நான் திறந்துட்டேன். திரும்ப லேசா மூடி வெச்சிருக்கேன். அண்ணன் பார்க்கும்போது கொஞ்சம் கஷ்டப்படற மாதிரித் திறங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.